லிட்டருக்கு இருபது

…இன்றும்கூடத்தான், மனத்துக்குள் இத்தனை எரிச்சல் கொதித்துக்கொண்டிருக்கும்போதும்கூடத்தான், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும் ஷூக்களைக் கழற்றிப் பக்கத்து இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் காலுறையோடுதான் அவர் ஆக்சிலேட்டரைத் தொட்டார். பல வருடப் பழக்கம் அது. ஷூவின் தடித்த அடிப்பாகம் பாதத்துக்கும் எந்திரத்துக்கும் நடுவே நின்று கோள் மூட்டுகிறது, மெல்ல மிதித்தால் ஓங்கி மிதித்தான் என்று போய்ச் சொல்கிறது என்பது அவர் கட்சி. அதற்கும் முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், டிக்கியைத் திறந்து, யாராவது மறந்து விட்டுப்போன பொருள் உண்டா என்று பார்ப்பார், இருந்தால் அது அப்போதே வீட்டுக்குள் திரும்பிவிடும். ஒரு குடையக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா, அது என்ன கனம் கனத்துடப் போகுது என்று மனைவி கேட்டால், இன்னைக்குக் குடை, நாளைக்குத் தையல் மெஷின் என்பார். மைலேஜ் மகாராஜா என்று அவள் கேலியாக வைத்த பெயர் அவர் ஆய்வாளராக வேலை பார்க்கும் எடையளவு அலுவலகம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே அதை யாரும் கேலியாகச் சொல்வதில்லை, அல்லது கேலியாகச் சொல்வது அவருக்குத் தெரிவதில்லை… எப்படியானால் என்ன, மகாராஜா மகாராஜாதானே.

ஆனால் மகாராஜாவின் கிரீடம் ஞாயிற்றுக்கிழமை சரிந்துவிட்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் வட்டத்தின் அடியில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சராசரி காட்டும் சின்னஞ்சிறு எண் ஒன்று உண்டு, இருபதுக்குக் கீழே அதை அவர் இறங்கவிட்டதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மருமகள் வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்தாள், திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பதினெட்டு. எப்படி இருக்கும் அவருக்கு? பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளையை ஒரே நாள் விருந்துக்கு அனுப்பி, அது எலும்பும் தோலுமாய்த் திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? சொல்லத்தானே செய்வார்? சொன்னார். சாப்பாட்டு மேசையில், மகன் எதிரில், மனைவி எதிரில், ஓட்டத் தெரியாதவங்க கையில சாவியக் குடுத்தா இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவளோ கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் ஒருவிதத்தில் நன்றாக இருந்திருக்கும், நிதானமாக, வண்டி இடது பக்கமா இழுக்குது மாமா, காலை எடுத்தா உருள மாட்டேங்குது, சட்டுனு நிக்குது என்றாள். அதற்கு அவர், வண்டி ஒண்ணும் இழுக்கலம்மா, உன் காலுதான் பிரேக்க விட்டு வரமாட்டேங்குது என்றார். மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பு… அது எதற்கு இப்போது ஞாபகத்துக்கு வருகிறது? அவள் தட்டைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள், மறுநாளிலிருந்து அவருக்கு முன்பே கிளம்பிப் பேருந்தில் போகிறாள். பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது. அவ்வளவு எடை குறைந்திருக்கிறதே, அதற்காவது இந்த எண் ஏறவேண்டாமா? ஏறவில்லை. நேற்றும் இறங்கியது. ஒருவர் கெடுத்த சராசரி தேறுவதற்கு நாளாகும், உடைத்தது யார், ஒட்டவைப்பது யார் என்று அவர் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டார், இன்று காலை கிளம்புமுன் அந்தப் பழைய கணக்கையெல்லாம் பொத்தானை அழுத்தி அழித்துவிட்டார், சுத்தமான பூஜ்யம், இனி ஓடுவதெல்லாம் அவர் ஓட்டம், அலுவலக வாசலில் இருபது என்று நிற்கும்போது ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடவேண்டும், பார்த்துக்கொள்ளட்டும் எல்லோரும்.

இப்போது பதினாறு காட்டுகிறது. பதினாறு! கிளம்பியவுடன் எந்திரம் குளிர்ந்திருக்கும், கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாகும்… தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டார், பிரேக் மிதிப்பது என்பது எரித்த பெட்ரோலைச் சாலையில் கொட்டிக் காலால் தேய்ப்பதல்லாமல் வேறென்ன, மெல்ல உருண்டு போனால் போய்ச் சேரும்போது விளக்கே வழிவிட்டுவிடும், ஆனால் இந்தச் சூட்சுமம் இங்கே எவனுக்குப் புரிகிறது, வெட்டுக்கிளி மாதிரி ஒரு மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் தாவி முன்னால் வந்து விழுந்தது, எருமை மாதிரி ஒரு லாரி அசைந்து அசைந்து வந்து அவருக்கும் விளக்குக்கும் நடுவே படுத்துக்கொண்டது, பின்னாலிருந்து ஒரு முயல் விடாமல் ஹார்ன் அடித்தது. ஓடு, ஓடு, அடுத்த விளக்கில் நீயும் நானும் ஒன்றாகத்தானே நிற்கப் போகிறோம். அவர் ஆமைக் கட்சி. பந்தயத்தில் ஆமை வென்ற கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்வதே இல்லை, அந்த ஒற்றையடிப் பாதையில் ஆமைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் அதை என்னவெல்லாம் ஏசியிருப்பார்கள்? மருமகள் ஒருநாள் இதே இடத்தில், இதே இருக்கையில் அமர்ந்து, மாமா, நடந்து போறவரு நம்மளப் பாத்துக் கை காட்டுறாரு, லிப்ட் வேணுமான்னு கேக்குறாரு போல என்று சொன்னாள், அவரும் சிரித்தார், வாய்விட்டுச் சிரித்தார். நன்றாகத்தான் பேசுவாள். இடுப்பெலும்பில் அறுவை முடிந்து நகரத்தின் மறுகோடியில் தனியாக இருக்கும் தன் தாய்க்கு ஒன்றுவிட்டு ஒருநாள் மாலையில் போய் நடைப்பயிற்சி கொடுத்தாக வேண்டும், அவளுக்குத் தொழிலே அதுதான், மருத்துவமனையில் ஊரார் கைகால்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்கிறவள், வண்டி இருந்தால் போய்விட்டு இருட்டுமுன் திரும்புவாள், பேருந்தென்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், செவ்வாய்க்கிழமை போக முடியவில்லை என்று மனைவி சொன்னாள், அதையும் வேறு யாரிடமோ சொல்வது போலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பதினைந்தரை. சனியன்! பெட்ரோலில் கலப்படமோ? வழக்கமாகப் போடும் பங்க்கின் அளவுக் குழாயை அவரே போன மாதம் சோதித்து முத்திரை வைத்தார், அளவில் குறை இல்லை, ஆனால் அளவு சரியாக இருந்தால் சரக்கும் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது… எதிர்க்காற்றோ? ஒரு இலைகூட அசையவில்லையே.

பாலம் வந்தது. அவருடைய காலைப் பொழுதின் ஒரே இன்பம் அந்தப் பாலம்தான், உச்சியில் ஏறியதும் காலை முழுதாக எடுத்துவிட்டால் போதும், ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல், சறுக்குமரத்தில் இறங்கும் குழந்தை போல வண்டி தானாக வழுக்கிக்கொண்டு கீழே உள்ள வட்டச் சந்தி வரைக்கும் போகும், அங்கே மருந்துக்கடைக்கு நேராக வரும்போது வேகம் தீரும், ஏதோ தாமே இந்தப் பாலத்தை அந்த அளவுக்குக் கட்டிவைத்தது போல அவருக்கு ஒரு பெருமிதம் வரும். காலை எடுத்தார். வண்டி உருண்டது, உருண்டது… பிறகு, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல, தயங்கியது. இது என்ன? சரிவு முடியவே இல்லை, சந்தி அதோ அங்கே இருக்கிறது, வண்டி இங்கேயே களைத்துப் போய் மூச்சுவாங்குகிறது, ஸ்டீயரிங் வேறு அவர் கைக்குள்ளேயே மெல்ல இடதுபக்கம் நகர்ந்து, நடைபாதையோரம் ஒதுங்கப் பார்க்கிறது, அதைத் திரும்பத் திரும்ப வலதுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது, எப்போதிருந்து இப்படித் தள்ளிக்கொண்டிருக்கிறார், நேற்றும் தள்ளினாரோ, தள்ளுகிறோம் என்று தெரியாமலே தள்ளினாரோ… பின்னால் வந்த வேன்காரர் ஒதுங்கி, பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கினார். என்ன சார், இறக்கத்துலயே இப்படின்னா ஏத்தத்துல எப்படி, நாலு பேரக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லட்டுமா? அவருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போய்யா, உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போய்யா. வேன்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், ஆனால் போகும்போது மூக்கைச் சுருக்கியது எதற்கு? பிறகுதான் அவருக்கும் அந்த வாடை வந்தது. கருகின ரப்பரும் சூடான இரும்பும் சேர்ந்த வாடை.

மருந்துக்கடை ஓரத்தில் நிறுத்தி இறங்கினார், ஷூவைப் போட மறந்துவிட்டார், கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளிக்கொண்டிருந்த பெண் அவருடைய காலுறைகளைப் பார்த்தாள், பார்க்கட்டும். வலது பின்சக்கரத்தைத் தொட்டார், வெதுவெதுப்பு. இடது பின்சக்கரம், அதே. வலது முன்சக்கரம், கொஞ்சம் கூடுதல், அது இயல்புதான். இடது முன்சக்கரத்தின் பக்கம் போகும்போதே முழங்கால் வரைக்கும் அனல் அடித்தது, இருந்தும் தொட்டார், தொட்ட விரலை உதறிக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பிரேக் பிடித்தபிடி விடவில்லை. அந்த ஒரு சக்கரம் மட்டும் இத்தனை நாளும், அவர் முட்டையின் மேல் கால் வைப்பது போல ஆக்சிலேட்டரைத் தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு கணமும், தன்னந்தனியாகப் பிரேக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. மெக்கானிக் போன தடவையே பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் பண்ணணும் சார் என்றார், அடுத்த வாட்டி பாத்துக்கலாம் என்று சொன்னது யார்? இடது பக்கமா இழுக்குது மாமா. காலை எடுத்தா உருள மாட்டேங்குது மாமா. இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்வது? ஒரு கடைக்குள் சோதனைக்குப் போனால் அவர் முதலில் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பாரா? மாட்டார், அலுவலகத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அவர் முதல் பாடமாகச் சொல்வது அது, முதலில் வெறும் தட்டைப் பாருங்கள், ஒன்றும் வைக்காத தராசு நேராக நிற்கிறதா என்று பாருங்கள், நிற்கவில்லையென்றால் தராசைத் திருத்துங்கள், அப்புறம் பேசுங்கள் ஆளோடு. வெறும் தட்டு சாய்ந்திருந்தது, அவர் ஆளைப் பிடித்துவிட்டார். இதே சக்கரத்தோடு அவள் ஊரின் மறுகோடிக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள், பாலத்தின் நடுவே அது ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டிருந்தால்… பின்னால் அந்த எருமை லாரி வந்திருந்தால்… வந்திருந்தால், அப்போதும் அவர் அந்தச் சின்ன எண்ணைத்தான் பார்த்திருப்பாரோ? இல்லை. இல்லவே இல்லை. ஆனால் அந்த இல்லை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கதவைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் உட்கார்ந்து, அந்த எண்ணைப் படம் எடுத்தார். பதினைந்து. குடும்பக் குழுவில் போட்டார். அதன் கீழே எழுதத்தான் விரல் வரவில்லை, பரிசீலித்ததில் இடது முன்சக்கரத்தில் குறைபாடு காணப்பட்டது என்று அறிக்கை போல ஒன்றை எழுதி, படித்துப் பார்த்து, தூ என்று அழித்தார், பிறகு, இது முழுக்க நான் ஓட்டியது, சக்கரம் சுடுகிறது, அன்று அவள் சொன்னது சரி, எல்லோர் முன்னாலும் நான் அவளைச் சொன்னது தவறு, என்று எழுதி அனுப்பினார். மகன் உடனே ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினான். சிரிக்காதே, அதில் உனக்கும் பங்கு உண்டு, என்று தட்டினார். சிரிக்கும் முகம் மறைந்தது. மனைவியும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

மருமகள் அழைத்தாள். பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே, மாமா, சக்கரத்தத் தொட்டீங்களா என்றுதான் முதலில் கேட்டாள். தொட்டேன். கை சுட்டுக்கிச்சா? லேசாத்தான். தண்ணியில வைங்க மாமா, வண்டிய எடுக்காதீங்க, மெக்கானிக்க அங்கயே வரச் சொல்லுங்க. சரிம்மா. அவள் நான்தான் சொன்னேனே என்று சொல்வாள் என்று காத்திருந்தார், சொல்லியிருந்தால் ஆமாம்மா என்று தலையாட்டிவிட்டு இலேசாகிப் போயிருக்கலாம், அவள் சொல்லவில்லை, ஆகவே அவர்தான் பேச வேண்டியிருந்தது. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா. பரவால்ல மாமா. அந்தப் பரவால்லவை அவருக்குத் தெரியும், நோயாளியின் மடங்காத முழங்காலை மடக்கும்போது அவள் சொல்கிற பரவால்ல அது. வண்டி சரியானதும் சாயங்காலம் உங்க அம்மா வீட்டுக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன், எத்தனை நாள் ஆனாலும் சரி, என்றார் அவசரமாக. வேண்டாம் மாமா, என்றாள், நீங்க எதுக்குச் சிரமப்படணும், நானே ஓட்டிக்குவேன். ஈடு கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, சட்டைப் பையை இன்னும் ஒரு கையால் மூடிக்கொண்டேதான் பேசினோமோ என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சரிம்மா, நீயே ஓட்டு, இனிமே சாவி உங்கிட்டயே இருக்கட்டும், நான் வேணும்னா உங்கிட்டக் கேட்டு வாங்கிக்கிறேன். நெசமாவா மாமா? நெசமாத்தான். அப்போ மைலேஜ்? குறைஞ்சா குறையட்டும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஆனால் வெளியே வந்ததென்னவோ, கொஞ்சம் பாத்து… என்பதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சிரித்துவிட்டாள், மாமா, நீங்க இருக்கீங்களே, என்று சொல்லிச் சிரித்தாள், அவரும் சிரித்தார், பேருந்து எங்கோ நின்றது, யாரோ இறங்கினார்கள், அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பில் எவ்வளவு மன்னிப்பு, எவ்வளவு இன்னும் பாக்கி என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், எவ்வளவு கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.