நெற்றி நிறைய அரிசி

அப்பா இரண்டு வருடங்களாக ஜீவனை ‘மிஸ்டர் ஜீவன்’ என்றுதான் கூப்பிட்டு வந்தார். அந்த மிஸ்டர்தான் எனக்கும் ஜீவனுக்கும் நடுவில் நின்ற வேலி.

அப்பா வீரசிங்கம், மலேசிய ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். ஜீவனின் தாத்தா டெங்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜீவன் செமினியில் ஏர்கோன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தாலே அப்பா “பார்ப்பம்” என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

போன வாரம் ஜீவன் துணிந்து அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டான். அப்பா சம்மதித்தார். சம்மதித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“நிரஞ்சனி, அங்கே என்ர முடிவைச் சொல்லிப்போடுவன். ஓமோ இல்லையோ, அதோட கதை முடிஞ்சுது. பிறகு நீயும் கேட்கக் கூடாது, அவரும் கேட்கக் கூடாது.”

எனக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை. இடம் அமைதியாக இருக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் எந்த மேசையிலும் அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். பங்சாரில் என் ஆபீஸ், அங்கே எனக்குத் தெரிந்தவர்கள். ஜீவன்தான் கிள்ளானில் ஒரு நேப்பாளக் கடையைச் சொன்னான்.

“நான்தான் அங்க ஏர்கோன் பாக்கறேன். ஈ, காக்கா இருக்காதுலா. நிம்மதியா பேசலாம்.”

ஞாயிறு மத்தியானம் மாடிப்படி ஏறும்போதே மத்தளச் சத்தம் கேட்டது. கதவில் செவ்வந்தி மாலை. உள்ளே நிற்க இடமில்லை. தொழிற்சாலை வேலையாட்கள், செக்யூரிட்டி கார்டுகள் எல்லாரும் புதுச் சட்டையில். நடுவில் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“மிஸ்டர் ஜீவன், இதுதானோ நீர் சொன்ன அமைதி?” என்றார் அப்பா.

ஜீவனின் முகம் வெளுத்துவிட்டது. அவன் சர்வீசுக்கு வருவதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில். நேப்பாளக் கடைக்கு ஞாயிறு என்றால் என்ன என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதிலும் இது தசாய்ன் வாரம். நம் விஜயதசமியை அவர்கள் பௌர்ணமி வரைக்கும் இழுத்துக் கொண்டாடுகிறார்கள்.

“வேற இடம் போயிடலாம், அங்கிள்” என்று அவன் திரும்புவதற்குள் முதலாளி நவராஜ் ஓடி வந்தார். வந்தவர் ஜீவனைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் வெள்ளைத் தலையைத்தான் பார்த்தார். பிறகு மலாயில் கெஞ்ச ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். தசாய்னில் பெரியவர் ஒருவர் கையால் நெற்றியில் டீக்கா வைத்துக்கொண்டு ஆசி வாங்க வேண்டும். வருடா வருடம் வைத்துவிடும் கிழவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். இன்றைக்குக் கூட்டத்தில் மூத்தவரே சமையற்காரர்தான், அவருக்கும் தலையில் ஒரு நரை இல்லை. காலையிலிருந்து எல்லாரும் வெறும் நெற்றியோடு காத்திருக்கிறார்கள்.

“நான் இவைக்கு என்ன முறை?” என்றார் அப்பா என்னிடம்.

நான் அதை மலாயில் கேட்டேன். நவராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். இந்த ஊரில் எங்களுக்கு யார் என்ன முறை, வயது இருந்தால் போதும் என்றார்.

அப்பா சட்டைக் கையை மடித்தார். அவ்வளவுதான், கடையே ஆர்ப்பரித்தது.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மடியில் பித்தளைத் தட்டு. அரிசியைத் தயிரிலும் சிவப்புப் பொடியிலும் குழைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் மஞ்சளாய் முளைத்த வாற்கோதுமைப் புல். முதல் ஆள் மண்டியிட்டார். அப்பா மோதிர விரலால் தொட்டு அழகாக ஒரு பொட்டு வைத்தார். அந்த ஆள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

“இன்னும், அங்கிள், இன்னும். நெற்றி முழுக்க” என்றார் நவராஜ்.

அப்பா ஒரு பிடி அள்ளி அப்பினார். நவராஜ் புல்லைக் காதில் செருகினார். ஆசி? அப்பா ஒரு கணம் யோசித்து, ரயில்வே மலாயில் கணீரென்று சொன்னார்: “உமூர் பாஞ்சாங். கெர்ஜா பாகுஸ். செப்பாட் காவின்.”

நீண்ட ஆயுள், நல்ல வேலை, சீக்கிரம் கல்யாணம்.

கூட்டம் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தலைக்கும் அப்பா முதல் இரண்டைச் சொல்ல, மூன்றாவதற்கு எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். மீசைக்காரர் ஒருவர், தனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது என்று முறையிட்டார். “அப்ப வீட்டில சண்டை வராமல் இருக்கட்டும்” என்று மலாயிலேயே சொன்னார் அப்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வரிசை குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக ஒருவன் வந்து மண்டியிட்டான்.

ஜீவன்.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

“நீர் நேப்பாளியோ?”

“இல்ல, அங்கிள். ஆனா எனக்கும் வேணும்.”

அப்பா மெல்ல அரிசியை அள்ளினார். “உமூர் பாஞ்சாங்.” நிறுத்தினார். “கெர்ஜா பாகுஸ்.” மறுபடி நிறுத்தினார். மூன்றாவதை அவர் சொல்வதாக இல்லை. என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

ஆனால் கூட்டத்துக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாதே. வழக்கம்போலக் கடை அதிர ஒரே குரலில் கத்தினார்கள்: “செப்பாட் காவின்!”

அப்பா சுற்றிலும் பார்த்தார். அவர் கையால் சிவந்த நெற்றிகள், அவர் சொல்லிக்கொடுத்த வரி.

“என்ர வாயால வந்ததையே எனக்குத் திருப்பித் தாறாங்கள்” என்று முணுமுணுத்தார். பிறகு, “தம்பி, நெத்தியை வடிவாக் காட்டும்” என்றார்.

தம்பி. மிஸ்டர் இல்லை.

ஒரு பிடி அரிசி ஜீவனின் நெற்றியில் அப்பிக்கொண்டது. “கெதியாக் கலியாணம் கட்டும்” என்றார் அப்பா, இந்தத் தடவை தமிழில்.

இந்தப் பையனுக்கு வாய் சும்மா இருக்காது. “யாரை, அங்கிள்?” என்றான்.

“எழும்பி வழியை விடும். பின்னால ஒருத்தி எவ்வளவு நேரமா நிக்கிறாள்.”

நான் போய் மண்டியிட்டேன். தயிர் சில்லென்று நெற்றியில் பட்டு மூக்கில் வழிந்தது. அதற்குள் மத்தளம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. சமையலறையிலிருந்து ஆட்டுக்கறி வாசம் வந்தது.

“தையில நாள் பார்ப்பம்” என்று அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். “முதல்ல எனக்கு ஒரு கோப்பை கறி கொண்டுவரச் சொல்லும், தம்பி. கத்திக் கத்திப் பசிக்குது.”