ரெமெடியோஸ் வீட்டுத் தலைகீழ்க் குருவி

"நான் செத்துட்டேனா? இவங்க முன்னாடியே சொல்லு. நான் செத்துட்டேனா?"

எதிர்வீட்டு ரெமெடியோஸ் ஜன்னலிலிருந்து கத்திய கத்தலில் என் பால்கனிப் புறாக்கள் பறந்துவிட்டன. கீழே தெருவில், மடக்கிய குடையோடு சுற்றுலா வழிகாட்டி எவரிஸ்தோ. அவன் பின்னால் எங்கள் மெக்சிகோ ஊரான புவேப்லாவைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம்.

"உங்களைச் சொல்லலக்கா. அது முந்நூறு வருஷத்துக்கு முந்தின பொண்ணு."

"இந்த ஜன்னல்ல இன்னும் நின்னு அழுறான்னு சொன்னேல்ல? நான் வெங்காயம் நறுக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தி என்னைப் பார்த்து சிலுவை போட்டுக்கிறா."

எல்லாம் அவள் வாசலுக்கு மேலிருந்த டைலால் வந்த வினை. அவள் பட்டறையில் அவளே வரைந்து சுட்ட நீலக் குருவிகள் சுவர் முழுக்க மேலே பறக்கும். ஒன்று மட்டும் தலைகீழாகக் கால்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும். ஒட்டியவர் கொத்தனார் கிரெசென்சியோ. அன்று விழுந்த சண்டையோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதற்கு முன் அவர் அந்த வீட்டில் எத்தனை தட்டு மோலேக் குழம்பு சாப்பிட்டார் என்பது எனக்குத் தெரியும். குழம்பு வாசனை நேரே என் வீட்டுக்குத்தான் வரும். எவரிஸ்தோவோ, காதலன் கைவிட்ட அன்று அந்தக் குருவியும் செத்து விழுந்தது என்று கதை கட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது பங்குக் கோயில் குவிமாடத்துக்குப் புது டைல் போடப் போகிறார்கள். சனிக்கிழமை சாமியார் அவள் வேலையைப் பார்க்க வருகிறார். சூளை பெரிய வேலை கண்டு வெகு நாளாயிற்று. வாசலிலேயே குருவி தலைகீழாகத் தொங்கினால் யார் வேலை கொடுப்பார்கள்? பெயர்த்தே தீருவேன் என்றாள். தன் பிழைப்பே போய்விடும் என்று எவரிஸ்தோ கெஞ்சினான். அவள் மசியவில்லை.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் ஒட்டியதை இன்னொருவர் தொடமாட்டார். கடைசியில் கிரெசென்சியோவுக்கே ஆள் போயிற்று. வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஏணியில் ஏறினார். பல் பிடுங்குவதுபோலப் பக்குவமாக டைலை முழுசாக எடுத்து, பின்பக்கக் காரையைச் சுரண்டி, எச்சில் தொட்டுத் துடைத்து அவளிடம் நீட்டினார்.

எது மேல்பக்கம் என்று கொத்தனாருக்குத் தெரிய, வரைகிறவர்கள் டைலின் முதுகில் ஓர் அம்பு போடுவார்கள். அவள் கைப்பட்ட அம்பு, அவள் பெயரெழுத்துக்குப் பக்கத்திலேயே, குருவியின் காலைக் காட்டிக்கொண்டிருந்தது.

"குருவி கவுந்து நிக்குறது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள். குரல் பாதியாகியிருந்தது.

"தெரிஞ்சுது. அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு பூ டைலை என் கண்ணை நம்பி ஒட்டினேன். 'படத்தைப் பாக்காத, அம்பைப் பாரு'ன்னு தெருவே கேக்கத் திட்டின."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்ல விட்டியா நீ?"

உண்மைதான். திட்டியதை நானும் கேட்டேன்.

சனிக்கிழமை சாமியார் வந்தபோது சுவரில் ஓட்டை அப்படியே இருந்தது. டைல் உடைந்துவிட்டது என்று சமாளிப்பாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவளோ டைலை அவர் கையில் கொடுத்து, "தப்பு என்னோடது சாமி" என்றாள். சொல்லும்போது பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சாமியார் டைலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். குவிமாடத்துக்கு வெறும் மஞ்சளும் நீலமும்தான், படமே கிடையாது என்றார். "அப்படியே இருந்தாலும் ஆண்டவர் மேலேருந்து பாக்கிறார். அவருக்கு எல்லாமே தலைகீழ்தானம்மா. ஆனா கொத்தனார் மட்டும் சொன்னபடி செய்யறவரா இருக்கணும்."

அப்படி ஒருவர் ஏணியடியில்தான் நின்றிருந்தார்.

குவிமாட வேலை அவளுக்கும் கிரெசென்சியோவுக்கும் சேர்ந்தே கிடைத்தது. சாரம் பிரிப்பதற்குள் அந்தக் குவிமாடத்துக்குக் கீழேயே இரண்டு பேருக்கும் கல்யாணம். விருந்து மோலேயில் மிளகாய் கொஞ்சம் கருகியிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை, நாலைந்து பேரைத் தவிர. எவரிஸ்தோ கொஞ்ச நாள் இந்த நிஜக் கதையையே சொல்லிப் பார்த்தான். ஒருவரும் நம்பவில்லை. வெறுத்துப்போய் தாஸ்கோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டான். அங்கே வெள்ளி நகைக் கடைத் தெருவில் நல்ல கூட்டமாம். அங்கே யாரைச் சாகடித்திருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.