வெள்ளித்தாளுக்கு அடியில்

எட்டு மாதமாக வளர்மதி அந்த மாடிக்குக் கனவில் மட்டும்தான் ஏறினாள். கனவில் நான்கு தேக்குத் துண்டுகளும் வெயிலில் தேனாக உருகிக் கிடக்கும். எதிரே செஞ்சிக்கோட்டையின் ராஜகிரிப் பாறை அவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

கதவு, ஜன்னலுக்குப் பாலிஷ் அடிப்பது அவள் தொழில். போன வருஷம் ஷோபனா வீட்டு வாசல் கதவுக்கு அவள் அடித்த வார்னிஷ் ஒரே கோடையில் வெளுத்து உரிந்தது. அதன்பின் செஞ்சியில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. திருவண்ணாமலை சாலையில் கல்யாண மண்டபம் கட்டும் ஆதிமூலம் மட்டும், "மேக்க பாத்த கதவும்மா. வெயிலுக்கு எது தாங்கும்னு காட்டு, வேல உனக்குத்தான்" என்றார்.

தை மாதம் நான்கு துண்டுகளின் முன்பக்கத்தில் நான்கு விதமான பூச்சு அடித்தாள். பின்பக்கத்தை வெறும் மரமாகவே விட்டாள். பரோட்டா பார்சல் கட்டும் வெள்ளித்தாளை ஒவ்வொன்றின் பாதியிலும் சுற்றி மூடினாள். மூடிய பாதி பழைய நிறத்தைக் காக்கும்; திறந்த பாதி வெயில் செய்ததைச் சொல்லும். இடையில் பார்த்தால் மனம் அலையும் என்று மாடிப்பக்கமே போகவில்லை.

இன்று மூன்று மணிக்கு ஆதிமூலம் வருகிறார். வளர்மதி படியேறினாள். மாடியில் வெயில் அசையாமல் நின்றது. அதற்குள் மிதப்பதுபோல வீட்டுக்காரி நாகம்மாள் குந்தியிருந்தாள். காயும் மிளகாயைத் திருப்பினாள். பிறகு கை நீட்டி ஒரு தேக்குத் துண்டையும் திருப்பினாள்.

"யக்கா! இன்னா பண்ற?"

"உன் கட்டையத்தான்டி. தெனம் திருப்பி வெச்சிடுவேன். ஒரே பக்கம் காஞ்சா வளைஞ்சிடாது?"

"தெனமுமா?"

"அமாவாசைக்கு மேல்மலையனூர் போற நாள் தவிர" என்றாள் நாகம்மாள், பெருமையாக.

வளர்மதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூச்சின்மேல் பட்டது பாதி வெயில்தான். சொல்லாவிட்டால் ஆதிமூலத்துக்குத் தெரியப்போவதில்லை. ஷோபனா வீட்டுக் கதவு ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது. கீழே பைக் சத்தம் கேட்டது.

அவர் மூச்சு வாங்கி வந்து நின்றதும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். "எட்டு மாசம்னு சொன்னேன்ண்ணே. நாலு மாச வெயில்தான் பட்டிருக்குது. அக்கா தெனம் திருப்பிட்டாங்க."

ஆதிமூலம் நாகம்மாளைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் பொன்னா வறுபட்டுச்சா யக்கா?"

"நக்கலு வேணாம். வளைஞ்சிருக்குதா பாரு!"

வெள்ளித்தாளைப் பிரித்தாள். முதல் துண்டில் பூச்சு வெங்காயத் தோலாக உரிந்தது. இரண்டாவது மங்கியிருந்தது. மூன்றாவது, விலை கூடின பூச்சு, கண்ணாடியாக மின்னியது. ஆதிமூலம் அதைப் பின்பக்கம் திருப்பினார். வெறும் மரம் எருமைத் தோல்போலச் சாம்பல் பூத்திருந்தது.

"இதுவும் அதே வெயில்தான?"

"அதேதாண்ணே." சொல்லும்போதுதான் அவளுக்கே உறைத்தது. பூச்சு இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரே துண்டின் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தன.

"அப்ப இதையே அடிச்சிடு."

"தாள் இருந்த ஓரத்தப் பாருங்க." பளபளப்புக்குக் கீழே மரம் அந்த ஓரத்தோடு இரண்டு நிறமாகப் பிரிந்திருந்தது. "பூச்சு கெடல, உள்ள மரம் வெளுத்துடுச்சி. நம்ம கண்ணுக்கு மரம் தெரியுதுன்னா வெயிலுக்கும் தெரியும்ண்ணே. கொஞ்சம் பழுப்பு கலந்தாத்தான் தடுக்கும்." அப்படிப் பழுப்பு கலந்து அடித்த நான்காவது துண்டை நீட்டினாள். அதில் தாளின் ஓரம் தேடினால்தான் தெரிந்தது.

"தேக்கு வரியெல்லாம் மங்கிடுமே. எனக்குத் தாளுக்கு அடியில இருக்கற இந்தப் புது நெறந்தான் வேணும்."

"அப்ப கதவையே வெள்ளித்தாள்ல சுத்தணும்."

"பார்சல் கடைன்னு உள்ள வந்துடுவானுங்க." சிரித்தவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார். "பழுப்பு எத்தன வருஷம் தாங்கும்?"

"தெரியாதுண்ணே. நாலு மாசம் தாங்குச்சி. வருஷா வருஷம் வந்து பாக்கறேன்."

அவர் நான்காவது துண்டை விரலால் தட்டினார். பாறையைப் பார்த்தார். மறுபடி துண்டைப் பார்த்தார். "திங்கக்கெழம வா" என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

மீதித் துண்டுகளை வளர்மதி மறுபடி மூடவில்லை. எட்டு மாதம் இருட்டில் தூங்கிய நிறத்தின்மேல் வெயில் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"நாளைக்கும் திருப்பவாடி?" என்றாள் நாகம்மாள்.

"திருப்புக்கா."