கீழ்பென்னாத்தூர் ஏரியில் கடல் படகு

கடல் இல்லாத ஊரில் கடல் கயாக் வாங்கிவைக்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? பொன்னி மனசுக்குள் சொல்லிக்கொண்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. செங்கம் ரோட்டில் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ராமகிருஷ்ணன், வெள்ளைக்காரர்கள் ஆசையாக ஓட்டுவார்கள் என்று ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் பழைய கயாக் படகு மூன்றை வாங்கிப்போட்டார். மலை சுற்ற வந்தவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றும் ஷெட்டில் தூசி படிந்து கிடந்தன.

அங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்த்த பொன்னிக்கு அதுவே அதிர்ஷ்டமானது. புதுச்சேரியில் ஒரு கடற்கரை கிளப், கயாக் சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தது. கடலில் போட்டி. முதலில் வருகிறவருக்கு வேலை. படகு அவரவர் கொண்டுவர வேண்டும். ரூம் சாவி கொடுத்தும், ஹாட் வாட்டர் வரவில்லை என்ற புகார் கேட்டும் நொந்துபோயிருந்தவளுக்கு அந்த வேலை வேண்டும். அந்த மேசையை விட்டுப் போக வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

கெஸ்ட் ஹவுஸ் வேன் ஓட்டும் சாகிலும் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தான். பொன்னிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கெணத்துல நீச்சலடிச்சவன் நீ. கடல்ல என்னடா பண்ணுவ?"

"நீங்க மட்டும் கடல்லயா பொறந்தீங்கக்கா?"

புதுச்சேரியில் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவள் அவள். அந்தத் திமிர் அவளுக்கு ஜாஸ்தி. பதில் சொல்வதே தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்து, படகுகளை வேன்மேல் கட்டச் சொன்னாள்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் ஏரி. நடுவில் பாறை, பாறைமேல் சின்னப் பிள்ளையார். கரையிலிருந்து கிளம்பி, பாறையைச் சுற்றி வந்து, போட்டிக்கு எந்தப் படகு தோது என்று பார்ப்பதுதான் சோதனை. மலை சுற்றியே வளர்ந்த ஊர்க்காரி, பிள்ளையாரை எப்படிச் சுற்றுவாள்? வலமாகத்தான். மூன்று படகிலும் வலமாகத்தான் சுற்றினாள். அதில் யோசிக்க ஏதாவது இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

சிவப்புப் படகு நீளம், ஒல்லி. நேராகப் போகச் சொன்னால் ரயில் மாதிரி போகும். திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். "திமிர் புடிச்சது" என்று ஒதுக்கினாள். மஞ்சள் படகு அகலம், அடி தட்டை. சாயாது, அது ஒன்றுதான் அதன் பெருமை. ஒரு துடுப்பு போட்டால் மூக்கு இந்தப் பக்கம் போகும், அடுத்த துடுப்புக்கு அந்தப் பக்கம். "இது படகா, எருமையா?" என்று கரையேறியதும் காலால் ஒரு தட்டு தட்டினாள்.

வெள்ளைப் படகில் ஏறியதும் சொக்கிப்போனாள். இடுப்பை லேசாகச் சாய்த்தால் போதும், பாறையைச் சுற்றி அழகாக வளைந்தது. சில நேரம் அவள் சாய்க்காமலே வளைந்தது. "பாத்தியா, அதுக்கே வழி தெரியுது! ஓட்டுறவ யாருன்னு படகுக்கும் தெரியும்ல" என்றாள்.

சிவப்பில் சாகிலின் இடுப்பு நுழையவில்லை. அவனுக்கு எருமைதான் மிச்சம். மூக்கை ஆட்டி ஆட்டி அவன் ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் பொன்னி தலையிலடித்துக்கொண்டாள்.

போட்டியன்று கடல் கொஞ்சம் குலுங்கியது. நேராகப் போய், தூரத்து மிதவையை இடமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். வெள்ளைப் படகு வலப்பக்கமே இழுத்தது. காற்றுதான் இழுக்கிறது என்று காற்றைத் திட்டிக்கொண்டே போனாள். அப்படியும் அவள்தான் முன்னால். மிதவை வந்தது. இடப்பக்கம் திருப்ப வலக்கைத் துடுப்பை அகலமாகப் போட்டாள். படகு அசையவில்லை. இடுப்பைச் சாய்த்தாள், மறுபடி வளைத்து வலித்தாள், கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னாள். மூக்கு வலப்பக்கமாக ஆழக்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக மிதவையைச் சுற்றித் திரும்பினார்கள். எருமையும் திரும்பியது, தலையை ஆட்டிக்கொண்டு.

காவல் படகு வந்து கயிறு கட்டி அவளை இழுத்து வந்தது. கரையில் சாகிலுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாலையோடு அவனே ஓடிவந்து வெள்ளைப் படகைக் கவிழ்த்தான். நேராகப் போக உதவும் வால்தகடு அடியில் ஒருபக்கமாக வளைந்திருந்தது.

"அக்கா, ஏரில இத ஒருவாட்டிகூட இடப்பக்கம் திருப்பலயா?"

"புள்ளையார யாராவது இடமா சுத்துவாங்களாடா?"

சாகில் யோசித்தான். "நானும் வலமாதான்க்கா சுத்துனேன். ஆனா என் எருமை நேராவே போவாதே. போறப்ப வர்றப்பல்லாம் ரெண்டு பக்கமும் மல்லுக்கட்டித்தான் ஓட்டுனேன்."

அவள் வைத்த பேரையே அவன் பிரியமாகச் சொன்னான். பொன்னிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. படகை, முதலாளியை, இவனை, காற்றைக்கூட விடாமல் ஏசிய வாய் அது. தன்னை ஏச ஒரு வார்த்தை கிடைக்காமல் மூடிக்கொண்டது.

சாகில் புதுச்சேரிக்குப் போனான். திங்கட்கிழமை காலை ஒரு வெள்ளைக்காரர் மாடியிலிருந்து துண்டோடு இறங்கி வந்து மேசையைத் தட்டினார். ஹாட் வாட்டர் வரவில்லையாம்.

"எந்த ரூமுங்க?" என்று கேட்டாள் பொன்னி.