கால வழுவமைதி

சிதம்பரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ‘நாளை வருகிறேன்’ என்று எழுதினால் தப்பு. நாளைக்கு ‘வருவேன்’தான் சரி. ஆனால் கட்டாயம் நடக்கப்போகிற காரியம் என்றால், இலக்கணம் அதற்குக் கால வழுவமைதி என்று பெயர் வைத்து மன்னித்துவிடும். நானும் ஸ்ரீதரை அப்படித்தான் நாலு வருஷமாக மன்னித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீதருக்குக் கடலூரில் மருந்துக் கம்பெனி வேலை. ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், “அடுத்த வாரம் வீட்டுல சொல்றேன், இளவரசி” என்றான். ஒவ்வொரு வாரமும் இதே பதில்தான். அவன் அம்மா அவனுக்கு மாமா பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். அம்மா என்றால் அவனுக்கு நடுக்கம்.

இதற்கிடையில் என் அம்மா ஞானாம்பாள் விருத்தாசலத்தில் எனக்கு ஒரு வரன் பிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஸ்ரீதரைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்தச் ‘சொல்றேன்’ எல்லாம் இனிமே வேணாம். அது நிகழ்காலம். எதிர்காலத்துல சொல்லு.”

அவன் சிரித்தான். “சரிங்க டீச்சர். சொல்லுவேன். போதுமா?”

போதும் என்றுதான் நினைத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போடுகிற புத்திசாலி, நடுவில் ஒரு எதிர்கால ‘வ்’ விழுந்ததும் உச்சி குளிர்ந்துபோனேன். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, விருத்தாசலத்துக்காரர்களை வரவேண்டாம் என்று அம்மாவைப் போன் பண்ண வைத்தேன். அம்மா திட்டிக்கொண்டேதான் பண்ணினாள்.

அடுத்த ஞாயிறும் ஸ்ரீதர் வந்தான்.

“சொல்லிட்டியா?”

“எப்பன்னு நீ கேக்கலியே. அம்மாவுக்கு இப்ப பிரஷர் வேற ஜாஸ்தியா இருக்கு. சொல்லுவேன்.”

இலக்கணப்படி பிழையே கிடையாது. “இனிமே இந்தப் பக்கம் வராத” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். “இன்னாடி, அந்தப் புள்ள வருவானா, மாட்டானா?”

“வருவான்மா. ஞாயித்துக்கிழமை ஆனா வருவான். டீ குடிப்போம். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான்.”

பாடப்புத்தகப்படி எல்லாமே எதிர்காலம்தான். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு, முடிந்துபோனதைச் சொல்கிறேன் என்று விளங்கிவிட்டது. எப்போது வருவான் என்று அவள் கேட்கவில்லை.

“அழுவாதடி” என்றாள்.

அப்புறம்தான் அழுதேன்.