அக்கா கை வைத்த அம்பு

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அக்கா வாய் கிழியப் பேசினாள். பெயர்ப்பலகை செய்யும் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புக் குழுவுக்கு அவள்தான் தலைவி. வயது பார்க்காமல் எல்லோருக்கும் அக்கா.

"இனிமே அவங்கவங்க பலகைக்கு அவங்கவங்கதான் பொறுப்பு. சொந்த வீட்டு வேலை மாதிரி நெனச்சு செய்யுங்க. நான் தலையிட மாட்டேன்."

தலையிடாமல் இருப்பதாவது! அடுத்தவர் வேலையைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. எல்லோரும் சாப்பிடப் போனதும் கணினி கணினியாக உட்கார்ந்து, இங்கே ஓர் எழுத்தை நகர்த்தி, அங்கே ஒரு நிறத்தைக் கூட்டி, ஒன்றும் தெரியாதவள்போல் எழுந்து வந்துவிடுவாள்.

அந்தப் பேச்சை மனதில் வாங்கிக்கொண்டவள் ஒருத்திதான். வேலை இன்னும் நிரந்தரமாகாத பெண். அதிகம் பேசமாட்டாள் என்பதால் அமுக்குணி என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவமனைப் பலகைகள் அவள் பங்குக்கு வந்தன. யாரும் சொல்லாமலே அங்கே போய்த் தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்து பார்த்துவிட்டு, அவசரப் பிரிவுக்கு இடப்பக்கம் அம்பு போட்டாள். சாப்பாட்டு வேளையில் அக்கா அதைப் பார்த்தாள். தன்னிடம் இருந்த வரைபடத்தில் வலப்பக்கம். பாவம், குழம்பிவிட்டாள் என்று அம்பைத் திருப்பிவைத்தாள். அது பழைய வரைபடம். வலப்பக்கக் கதவை எப்போதோ பூட்டிவிட்டிருந்தார்கள்.

பலகை மாட்டிய மறுநாளே, நெஞ்சுவலியோடு வந்த அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு பெண், பூட்டிய கதவின் முன் நின்று கத்தியிருக்கிறாள். நல்லவேளை, ஒரு செவிலியரின் காதில் விழுந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

முதலாளி கொதித்துப்போய் வந்தார். "யாரு செஞ்சது இதை?"

அமுக்குணி எழுந்தாள். "என் பலகை சார். என் தப்புதான்."

"அப்ப நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தன்னை யாரும் கேட்கப்போவதில்லை என்று அக்கா ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"சார், அம்பை மாத்தினது நான். அவ சரியாத்தான் போட்டிருந்தா."

"நீயா?" முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. "நீயே இப்படிப் பண்ணலாமா? சரி, அவ இருக்கட்டும். இன்னிக்கே பலகையை மாத்துங்க." அவ்வளவுதான், போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

அவள் அமுக்குணியின் மேசைக்குப் போனாள். "நான் பண்ணதை நீ ஏம்மா உன் தலையில போட்டுக்கிட்ட?"

"மாறியிருந்ததை அனுப்புறதுக்கு முன்னாடியே பாத்தேன்க்கா. அங்க கதவு பூட்டியிருக்குன்னும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க கை வெச்சதும், இனிமே அது என் பலகை இல்லன்னு தோணிடுச்சு. அதான் என் தப்பு."

சுற்றியிருந்தவர்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. தான் ரகசியமாகக் கை வைப்பது இத்தனை நாளும் எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்தது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.