பேணிக்குள் விழுந்த வெயில்

பியர் குடித்து முடித்த ஒரு வெறும் தகரப் பேணி இருந்தால் ஆறு மாத வெயிலைப் பிடித்து வைக்கலாம். மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு, உட்சுவரோடு ஒட்டினாற்போல் கறுப்பு வெள்ளைப் புகைப்படத் தாளை வளைத்து வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. பிறகு வேறெந்த வழியிலும் வெளிச்சம் புகாதபடி மூடி, வெளியே அசையாமல் கட்டிவிட வேண்டியதுதான். கண்ணாடி வில்லையும் வேண்டாம், படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரும் வேண்டாம். துளை வழியே வருகிற வெளிச்சமே தாளை மெல்ல மெல்லக் கருக்கும். சூரியன் நாளுக்கொரு கோடு கீறிவிட்டுப் போகும்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஐந்தாம் மாடியில் குடியிருந்த கிளெமென்ற் இதை ஓர் இணையத்தளத்தில் கண்டான். உலகெங்கும் ஆட்கள் செய்கிற விசித்திரமான படங்களையும் பொருட்களையும் தேடிப் போடுகிற தளம் அது. பின்லாந்தில் ஒருத்தி கட்டிய பேணியில் சூரியன் வில்லாக வளைந்து போயிருந்தது. வடக்கே போகப் போக சூரியன் சரிந்து நகரும். கொழும்பிலோ அது நேரே கீழே இறங்கும். அப்படியானால் இங்கே கோடுகள் மழைத்தாரை மாதிரி விழ வேண்டும்! அந்தத் தளத்தில் கொழும்பிலிருந்து ஒருவரும் இல்லை. கிளெமென்ற்றுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

கடலைப் பார்த்த பல்கனிதான் அதற்குத் தோதான இடம். அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார்.

அவர் கிளெமென்ற்றின் தகப்பன் பிறெடி. பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. காதும் புத்தியும் போகவில்லை. காலைத் தேத்தண்ணி முடிந்ததும் மருமகள் றோஸி சக்கர நாற்காலியைப் பல்கனிக்குத் தள்ளிவிடுவாள். விளக்கு வைக்கும்போது உள்ளே எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவரைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மின்விசிறிக்குக் கீழே வைப்பார்கள். கல்கிசையிலிருந்து மகள் மரீற்றா வருகிற நாள் அது.

"பப்பா ஏன் இப்பிடிக் கறுத்துப்போனார்?" என்று ஒரு ஞாயிறு அவள் கேட்டாள்.

"பின்னேரத்திலை கொஞ்சம் காத்து வாங்க விடுறது, மச்சாள். மற்றப்படி ராசா மாதிரி இதிலைதான்," என்றாள் றோஸி.

மரீற்றா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பப்பாவுக்கு ஒரு குறை எண்டு என்ர கண்ணாலை கண்டால், அண்டைக்கே கல்கிசைக்குக் கூட்டிக்கொண்டு போயிடுவன். சொல்லிப்போட்டன்."

பிறெடியின் வாய் கோணியது. "ப... ப..." என்றார்.

"பால் தேத்தண்ணி கேக்கிறார்," என்றான் கிளெமென்ற்.

அடுத்த நாள் பல்கனியின் ஒரு முனையில், தண்ணீர்க் குழாயோடு பேணியைக் கட்டினான். மற்ற முனையில் தகப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். கிளெமென்ற் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளங்கப்படுத்தினான். "இது அவசரப்படாத கமரா, பப்பா. ரோட்டிலை ஓடுற பஸ், பறக்கிற காகம், வந்திட்டுப் போற ஆள், ஒண்டும் இதிலை விழாது. மாசக்கணக்கா ஒரே இடத்திலை கிடக்கிறதுதான் விழும். உங்களை மாதிரி!" சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.

பிறெடிக்கு நன்றாக விளங்கியது. கிளெமென்ற்றுக்குத்தான் ஒரு விஷயம் விளங்கவில்லை. தாள் வளைந்து இருப்பதால் அந்தச் சின்னத் துளை ஏறக்குறைய அரை வட்டத்தையும் பார்க்கும். அவன் வானத்தையும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளையும் மட்டுமே நினைத்திருந்தான்.

அதுவரை பிறெடி, மதியம் திரும்பியதும் இடக்காலால் உந்தி உந்தி, சுவரோரத்து நிழலுக்கு நாற்காலியை நகர்த்திக்கொள்வார். அன்றிலிருந்து நகரவில்லை. இடக்கையால் சக்கரத்துப் பிறேக்கைப் போட்டுவிட்டு, முகத்தைத் துளைக்கு நேரே வைத்துக்கொண்டார். வெயில் முழங்காலில் ஏறி, நெஞ்சில் ஏறி, கண்ணுக்கு வந்தது. கண்ணால் நீர் வடிந்தது. தலையைத் திருப்பவில்லை. நாள் போகப் போகப் புறங்கைத் தோல் உரிந்தது.

"என்ன மாமா, வெயில் ருசிச்சிட்டுதோ?" என்றாள் றோஸி.

ஆறு மாதம் கழித்து, நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு, எல்லோரும் இருக்கும்போது கிளெமென்ற் பேணியைப் பிரித்தான். தாளை ஸ்கானரில் ஒரே தடவைதான் வைக்கலாம், அந்த வெளிச்சமும் தாளைக் கருக்கும் என்று தங்கைக்கு விளங்கப்படுத்தினான். அசைகிறது விழாது, கிடக்கிறதுதான் விழும் என்பதையும் சொன்னான். கணினித் திரையில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினான்.

பாரந்தூக்கிகளுக்கு மேல் வெயில் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கிளெமென்ற் கை தட்டினான்.

"இந்த மூலையிலை என்ன?" என்றாள் மரீற்றா.

"அது பல்கனியிலை குந்துற கதிரை."

"கதிரைக்குத் தலை இருக்குதே, அண்ணா?"

"நிழலாயிருக்கும்."

"நிழல் அசையுமெல்லோ. அசைஞ்சா விழாது எண்டு நீதானே இப்ப சொன்னனீ."

றோஸி கேக் வெட்ட எழுந்து போனாள். திரையின் மூலையில் சக்கரமும், இரண்டு தோளும், ஒரு பக்கம் சரிந்த தலையும் தெளிவாகவே இருந்தன. மரீற்றா திரும்பினாள். மின்விசிறிக்குக் கீழே பிறெடி இடக்கையைத் தூக்கினார். முதலில் படத்தைக் காட்டினார். பிறகு மகளைக் காட்டினார். கையை இறக்கவில்லை.

மரீற்றா அந்த உரிந்த தோலைக் கண்ணால் கண்டாள். கல்கிசை வீட்டில் மிச்சமாக இருக்கும் ஒரே அறையை அவளுடைய கணவன் போன மாதம்தான் உடற்பயிற்சி அறையாக்கியிருந்தான். மரீற்றா எழுந்து வந்து, தகப்பனின் கையை மெல்லப் பிடித்து, அவருடைய மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"படத்தைப் போடுறதெண்டால் அந்த மூலையை வெட்டிப்போட்டுப் போடு, அண்ணா," என்றாள். "பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"ஓம், ஓம்," என்றான் கிளெமென்ற். மூச்சு வந்தது. "வெட்டினால் படமும் இன்னும் எடுப்பா இருக்கும்."

தளம் படத்தை ஏற்றுக்கொண்டது. வெயில் மழையாய்ப் பெய்யும் ஊர் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதினார்கள். மரீற்றாவும் ஓர் இதயம் போட்டாள்.

கிளெமென்ற் அதே குழாயில் புதிய பேணி ஒன்றைக் கட்டினான். துளை எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும். அதனால் தகப்பனின் நாற்காலியைப் பேணிக்குப் பின்னால், சுவருக்கும் குழாய்க்கும் இடையில் தள்ளினான். அங்கேயும் வெயில் வரும். பிறெடி இடக்காலை ஊன்றி முன்னே உந்தப் பார்த்தார். கிளெமென்ற் குனிந்து, அவருடைய கை எட்டாத வலப்பக்கத்துப் பிறேக்கை இறுக்கிவிட்டுப் போனான்.